142 சென்டிமீட்டருக்குக் கீழே

ஜொகூர் பாருவில் ஓர் ஆண் 142 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்து, எலும்பு வளர்ச்சிக் கோளாறுதான் காரணம் என்று மருத்துவரும் உறுதி செய்தால், சமூக நல இலாகா அவரை உடல் சார்ந்த மாற்றுத் திறனாளியாகப் பதிவு செய்துகொள்ளும். பெண்ணுக்கு அந்த வரம்பு 138. ஓசூரில் கணக்கு வேறு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆண் பெண் வேறுபாடின்றி 147 சென்டிமீட்டரில், அதாவது நாலடி பத்தங்குலத்தில் கோடு கிழிக்கிறது. உலகப் பாரா தடகள அமைப்பு ஆண்களுக்கு 145, பெண்களுக்கு 137 என்று வைத்துக்கொண்டு கை நீளத்தையும் சேர்த்து அளக்கிறது. ஆக, 144 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆண் தமிழ்நாட்டில் சட்டப்படி மாற்றுத் திறனாளி. விளையாட்டரங்கில் பாரா வீரராகத் தகுதி பெறக்கூடியவர். ஜொகூரில் வெறுமனே குட்டையானவர்.

உயரக் குறைவு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான நிலைகளின் தொகுப்பு. எலும்பு சார்ந்த மரபுக் கோளாறுகளை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியல் 2023இல் திருத்தப்பட்டபோது அதில் 771 பதிவுகள் இருந்தன. இவற்றுள் உயரத்தைக் குறைப்பவற்றில் மிகப் பரவலாகக் காணப்படுவது அகோண்ட்ரோபிளாசியா. உடற்பகுதி ஏறக்குறைய வழக்கமான அளவில் இருக்கும், கைகால்கள், குறிப்பாகத் தொடையும் மேற்கையும், குறுகியிருக்கும், நெற்றி புடைத்திருக்கும். வளர்ந்த ஆணின் சராசரி உயரம் 131 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 124. எந்த நாட்டுக் கோலால் அளந்தாலும் இவர்களில் பெரும்பாலோர் வரம்புக்குள் வந்துவிடுவார்கள். தடுமாற்றம், அதே மரபணுவில் சற்றே லேசான மாற்றத்தால் வரும் ஹைப்போகோண்ட்ரோபிளாசியா போன்ற நிலைகளில்தான். அதிகாரியின் மேசையில் இரண்டு சென்டிமீட்டர் ஒருவரின் அட்டையைத் தீர்மானிக்கும். தெருவில் அவரை உற்றுப் பார்க்கும் கண்களுக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

காரணம் 1994இல் தெரியவந்தது. நான்காம் குரோமோசோமில் உள்ள எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. குருத்தெலும்பு வளரும்போது தேவையான இடத்தில் தடைபோடுவது இந்த மரபணுவின் வேலை. மாற்றம் நேர்ந்தால் தடை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். நீண்ட எலும்புகள் நீள முடியாமல் போகின்றன. மூளையின் திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரமுள்ளவர்கள். குடும்பத்தில் முன்பின் யாருக்கும் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் வருகிறதே என்ற திகைப்பு அதனால்தான் எழுகிறது.

திகைப்பு தமிழ்க் குடும்பங்களில் வெகுநேரம் திகைப்பாக இருப்பதில்லை, சீக்கிரமே விசாரணையாகிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா, எதைச் சாப்பிட்டாய், எந்தப் படத்தைப் பார்த்தாய் என்று கேள்விகள் எல்லாம் தாயை நோக்கியே வரும். மாமியார் கேட்பார், அத்தை கேட்பார், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கேட்பார். சொந்தத்தில் கல்யாணம் செய்ததன் விளைவு என்று படித்தவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். சில அரிய எலும்புக் கோளாறுகளுக்கு அது பொருந்தும், அகோண்ட்ரோபிளாசியாவுக்குப் பொருந்தாது. 1998இல் அமெரிக்க மனித மரபியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, குடும்பத்தில் புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றம் உள்ள 40 பேரைப் பின்தொடர்ந்து போனது. 40 பேரிலும் அந்த மாற்றம் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமில்தான் இருந்தது. தந்தையின் வயது ஏற ஏற வாய்ப்பும் சற்றே ஏறுகிறது. இதனால் பழியைத் தாயிடமிருந்து எடுத்துத் தந்தை தலையில் போடவேண்டும் என்று பொருளில்லை. விந்தணு உருவாகும்போது தற்செயலாக நேரும் எழுத்துப்பிழை அது. அதைச் செய்யவும் தடுக்கவும் யாராலும் முடியாது. ஆனால் பிள்ளை பெற்ற பெண் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் குற்றவுணர்வை இந்த ஒரு தகவல் இறக்கிவைத்துவிடும். தன்னை ஏற்றுக்கொள்வது பற்றிப் பேசுகிறவர்கள் பிள்ளையிடமிருந்தே தொடங்குகிறார்கள். வீட்டில் முதலில் அது தேவைப்படுவது தாய்க்குத்தான்.

அடுத்த தேவை, சரியான மருத்துவத் தகவல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இந்தக் குழந்தைகளுக்கென்றே தனி வழிகாட்டி வைத்திருக்கிறது; அது 2020இல் புதுப்பிக்கப்பட்டது. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகள்தான் மிகக் கவனமாக இருக்கவேண்டியவை. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளை குறுகியிருந்தால் அது நரம்பை நசுக்கி, தூக்கத்தில் மூச்சை நிறுத்திவிடக்கூடும். அதனால் தூக்க ஆய்வும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்யச் சொல்கிறார்கள். காதில் சீழ் திரும்பத் திரும்ப வரும். கவனிக்காமல் விட்டால் பேச்சு தாமதப்படும். தலை பெரிது, தசை தளர்ந்தது என்பதால் குழந்தை தானாக உட்காரப் பழகும்வரை முதுகு வளைந்த நிலையில் உட்காரவைக்கக் கூடாது, தொய்வான துணி இருக்கைகளைத் தவிர்க்கவேண்டும் என்பது இன்னோர் எச்சரிக்கை. முதுகெலும்பு நிரந்தரமாகக் கூனிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த வழிகாட்டியை எழுதியவர்கள் மலேசிய வீடுகளில் விட்டத்தில் ஸ்பிரிங் மாட்டித் தொங்கும் சாரோங் தொட்டிலைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிகாமட்டிலோ குளுவாங்கிலோ இப்படியொரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரும் தாய் கிளினிக்கில் கேட்கவேண்டிய முதல் கேள்விகளுள் ஒன்று, அந்தத் தொட்டிலைப் பற்றியதாக இருக்கலாம்.

கிளினிக் தாதி குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் வரைபடமும் பொதுக் குழந்தைகளுக்கானது. அதில் இந்தப் பிள்ளையின் புள்ளி எப்போதும் கடைசிக் கோட்டுக்குக் கீழேயே விழும். அகோண்ட்ரோபிளாசியாவுக்கென்று தனி வளர்ச்சி வரைபடம் 1978இலேயே வெளியாகிவிட்டது. அதில் குறித்துப் பார்த்தால் அதே பிள்ளை நடுக்கோட்டில் இருப்பாள். நன்றாக வளர்கிறாள் என்று தெரியும். எந்தத் தாளில் புள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு தாய் அழுதுகொண்டோ நிம்மதியாகவோ வீட்டுக்குத் திரும்புவார்.

பள்ளிக்கூடத்தில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. மலேசியாவில் நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை மாணவர்கள் எல்லாருக்கும் செகாக் என்ற உடல்திறன் சோதனை உண்டு. உயரம், எடை பார்த்து பி.எம்.ஐ. கணக்கிடுவார்கள். பிறகு 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையில் தாளத்துக்கு ஏற்ப மூன்று நிமிடம் ஏறி இறங்கவேண்டும். பத்து வயதில் அகோண்ட்ரோபிளாசியா உள்ள பையன் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டியிருப்பான்; அந்தப் பலகை அவன் முழங்காலை எட்டும். கால் குட்டை, உடற்பகுதி வழக்கமான அளவு என்பதால் அவனுடைய பி.எம்.ஐ. இயல்பிலேயே ஏறித்தான் காட்டும். ஒரே காலைப்பொழுதில் சோதனை அவனைக் குண்டன் என்றும் சொல்லும், திறனற்றவன் என்றும் சொல்லும். இரண்டும் பொய். விவரமறிந்த உடற்கல்வி ஆசிரியர் பலகையை மாற்றுவார், அல்லது சோதனையை வேறு விதமாக வைப்பார். விவரம் அறியாதவர் நல்ல மனத்தோடு, “நீ ஓரமா உட்காரு ஐயா” என்பார். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். கேலியைவிட இப்படி ஓரமாக உட்காரவைப்பது ஆழமாகப் பதியும் என்று நினைக்கத் தோன்றுகிறது. கேலி செய்தவனோடு சண்டையாவது போடலாம்.

இதையெல்லாம் தாண்டி வந்தவரைத்தான் நாம் மேடையேற்றி, தன்முனைப்பு முகாமில் பேசச் சொல்கிறோம். உயரம் ஒரு தடையல்ல, மனம்தான் உயரம் என்று நாமே ஒரு தலைப்பையும் கொடுத்துவிடுகிறோம். ஆய்வுகள் சொல்வது அத்தனை இனிப்பானது அல்ல. அமெரிக்காவில் அகோண்ட்ரோபிளாசியா உள்ள 189 பேரையும் அவர்களுடைய சராசரி உயர உறவினர்களையும் ஒப்பிட்டு 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. பாதிக்கப்பட்டவர்களிடம் சுயமதிப்பும் வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் குறைவாக இருந்தன. படிப்பும் வருமானமும் குறைவாக இருந்தன. மணமானவர்களும் குறைவாகவே இருந்தார்கள். இவற்றில் எலும்பின் வேலை எவ்வளவு, ஊரின் வேலை எவ்வளவு? வருமானத்தையும் கல்யாணத்தையும் மரபணு தீர்மானிப்பதில்லை.

இன்னொரு பக்கம், கேரி ஆல்பிரெக்ட், பேட்ரிக் டெவ்லீகர் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பல வகையான மாற்றுத் திறனாளிகள் 153 பேரிடம் அவர்கள் பேசினார்கள். வெளியாட்கள் பார்த்துப் பரிதாபப்படும் அளவுக்குக் கடுமையான குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது என்று சொன்னார்கள். உடம்பு, மனம், பிறரோடான உறவு மூன்றுக்கும் நடுவே ஒரு சமநிலையை அவர்கள் கண்டெடுத்திருந்தார்கள். இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதுபோல் தெரியும். மன உறுதி என்று நாம் அழைப்பதில் பாதி, வெளியிலிருந்து வந்து சேர்வது என்று எடுத்துக்கொண்டால் முரண் தெரியாது. சரியான தகவல், கைக்கு எட்டும் கவுண்டர், தன்னைப்போல் இன்னொருவர். இவை கிடைத்தவருக்கு மனம் தானாகத் திடப்படும். கிடைக்காதவரிடம் போய் மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்பது, எட்டாத சுவிட்சைக் காட்டி விளக்கைப் போடச் சொல்வதுதான்.

தன்னைப்போல் இன்னொருவர் என்றதும் ஓசூர் நித்யஸ்ரீ சிவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2005 ஜனவரியில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்து தந்தையிடமும் பாட்டியிடமும் வளர்ந்தார். 2016 ரியோ ஒலிம்பிக் சமயத்தில் பூப்பந்தின்மீது ஆசை பிறந்தது. சீனத்தின் லின் டான் அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர். உள்ளூரில் சராசரி உயரப் பிள்ளைகளோடுதான் ஆடிவந்தார். பாரா பூப்பந்து என்று ஒன்று இருப்பது, தமிழ்நாட்டின் பாரா ஆட்டக்காரர் மார்க் தர்மாய் மூலம் 2019இல் அவருக்குத் தெரியவந்தது. எஸ்.எச்.6 என்ற பிரிவு, குட்டை உருவம் கொண்டவர்களுக்கென்றே இருப்பது. அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டுகளில் வெண்கலங்கள். 2024 செப்டம்பர் 2ஆம் தேதி பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21–14, 21–6 என்று வென்று ஒற்றையர் வெண்கலம். ஆட்டம் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. எஸ்.எச்.6 பெண்கள் பிரிவு பாராலிம்பிக்கில் இடம்பெற்றதே அந்த முறைதான் முதல்தடவை. அதே ரினா மார்லினா, சக நாட்டவர் சுபானோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கல ஆட்டத்தில் நித்யஸ்ரீயையும் இன்னொரு தமிழரான சிவராஜன் சோலைமலையையும் தோற்கடித்தார். கணக்கு நேரானது.

இந்தப் பிரிவின் விதிகளில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஆடுகளம் முழு ஆடுகளம்தான். வலையின் உயரத்தையும் குறைப்பதில்லை; நடுவில் 1.524 மீட்டர், எல்லாருக்கும் உள்ள அதே உயரம். இரு பக்கமும் நிற்பவர்களைவிட வலை உயரமாக இருக்கும். ஸ்மாஷ் அடிக்க எம்பிக் குதித்தாகவேண்டும். சலுகை எதுவும் கிடையாது. எதிரே நிற்பவரும் அதே உயரம், அவ்வளவுதான். ஊரில் எல்லாரோடும் ஆடித் தோற்றுக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு, தோல்வியில் தன் திறமைக் குறைவு எவ்வளவு, கை நீளக் குறைவு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முதல்முறையாக ஒரு வழி கிடைக்கிறது. தன்னைச் சரியாக எடைபோடத் தெரிந்தபின்தான் தன்னை ஏற்றுக்கொள்ள முடியும்.

மலேசியாவுக்கும் இந்தப் பிரிவில் ஆள் உண்டு. டிடின் தாரேசோ டோக்கியோ பாராலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடினார். அங்கே தங்கம் வென்ற ஜெய்ப்பூரின் கிருஷ்ண நாகரைப் பிரிவுச் சுற்றிலேயே சந்தித்தார். பூப்பந்து மண்டபம் இல்லாத தாமான் ஜொகூரில் அரிது. மாசாய், ஸ்கூடாய், கூலாய் எங்கே போனாலும் இரவு பத்து மணிக்கும் ஆட்டம் நடக்கும். எஸ்.எச்.6 என்று ஒன்று இருப்பது அங்கே ஆடும் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. தெரிந்த ஒருவர் தெரியாத ஒரு பிள்ளையிடம் சொன்னதால் ஓசூருக்கு ஒரு பாராலிம்பிக் பதக்கம் கிடைத்தது.

விளையாட்டுக்கு முன்பே குட்டை உருவத்தை நாம் வேறு இடங்களில் நிறையப் பார்த்துப் பழகியிருக்கிறோம். கோயிலில் இறைவன் காலடியில் முயலகன் கிடக்கிறான். விமானத்தின் கீழ்வரிசையில் தொந்தி பெருத்த பூதகணங்கள் குழலும் மத்தளமும் வாசிக்கின்றன. சங்கப் பாட்டில் குறளர் அரண்மனை ஏவலர். புறநானூற்றின் 28ஆம் பாட்டு குறளைப் பிறவிக் குறைகள் எட்டில் ஒன்றாக எண்ணுகிறது. இவற்றுக்கு நடுவே கலித்தொகையின் 94ஆம் பாட்டு தனித்து நிற்கிறது. ஒரு கூனியும் ஒரு குறளனும் ஒருவர் உருவத்தை ஒருவர் கிண்டல் செய்து சண்டையிட்டு, கடைசியில் சமாதானமாகி, யார் கண்ணிலும் படாத இடத்துக்குத் தழுவிக்கொள்ளப் போகிறார்கள். கேட்பவர்களைச் சிரிக்கவைக்கத்தான் அது எழுதப்பட்டிருக்கும். ஆனாலும் அந்த இருவருக்கும் ஆசை உண்டு, ரோஷம் உண்டு, திருப்பிக் கொடுக்கும் வாயும் உண்டு. பின்னால் வந்த பல நூற்றாண்டுகளில் அவர்களைப் போன்றவர்களுக்கு இவ்வளவுகூடக் கிடைக்கவில்லை.

சினிமா அதைக் கொஞ்சம் கொடுத்தது, கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது. 1989இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் அப்புவை மலேசியத் தமிழர்களில் நாற்பது வயது தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குட்டை உருவம் கொண்ட ஒருவன் கதையின் மூளையாக இருந்தான், காதலித்தான், தோற்று அழுதான், பழிவாங்கினான். நடித்தவர் சராசரி உயரமுள்ள கமல்ஹாசன். உண்மையிலேயே குட்டையான கலைஞர்கள் அவருக்குப் பின்னால் சர்க்கஸ் கூட்டமாக நின்றார்கள். அடுத்த ஆண்டு ‘அதிசயப் பிறவி’யில் ரஜினிகாந்துக்கு எதிரே நடனமாடிய கிங்காங், அதற்குப் பின் பல ஆண்டுகள் தமிழ்ப் படங்களில் தலைகாட்டினார், வந்தவை பெரும்பாலும் சிரிப்பு வேடங்களே. கேரளத்தில் 76 சென்டிமீட்டர் உயரமுள்ள அஜய்குமாருக்கு வேறு பாதை அமைந்தது. 2005இல் ‘அற்புதத் தீவு’ படத்தில் நாயகனானார். அது கின்னஸ் பதிவாகி, கின்னஸ் பக்ரு என்ற பெயரே நிலைத்தது. 2013இல் படம் இயக்கவும் செய்தார். உருவத்தைக் காட்டிப் பிழைப்பது இழிவா, தொழிலா என்ற கேள்விக்கு இவர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில்.

அந்தக் கேள்வி ஒரு முறை ஐக்கிய நாடுகள் சபை வரை போயிருக்கிறது. பிரான்சில் மானுவேல் வாக்கன்ஹைம் என்பவர் இரவு விடுதிகளில் தன்னைத் தூக்கி மெத்தைமேல் எறியும் காட்சிக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். 1991இல் மோர்சாங்-சூர்-ஓர்ஜ் நகரத் தந்தை அதைத் தடை செய்தார். மனித மாண்புக்கு எதிரானது என்று 1995இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. வாக்கன்ஹைம் விடவில்லை. வேலை இருப்பதுதான் எனக்கு மாண்பு, அதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள் என்பது அவர் வாதம். 2002இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. தீர்ப்பு சரி என்று தோன்றலாம். அந்த வேலையைப் பறித்தவர்களில் எவரும் வேறு வேலை கொடுத்ததாகத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை என்பதும் மனத்தில் முள்ளாக நிற்கும்.

வேலைதான் கடைசியில் எல்லாவற்றையும் தாங்குகிறது. மலேசியாவில் அரசுப் பணியில் ஒரு விழுக்காடு மாற்றுத் திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988 முதலே இருக்கிறது; 2008இல் சுற்றறிக்கையாக மீண்டும் நினைவூட்டினார்கள். நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே கதையைச் சொல்லிவிடும். அதே 2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டமும் வந்தது. பொது இடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை எல்லாவற்றிலும் சம வாய்ப்பு என்று எழுதிய அந்தச் சட்டத்தில், மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. அரசாங்கத்தின்மீது வழக்குப் போடாமல் தடுக்கும் பிரிவு மட்டும் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி சமயம், இனம், பால் என்று பாகுபாட்டுக்கான காரணங்களை அடுக்குகிறது. உடற்குறை அந்த வரிசையில் இல்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா 2010 ஜூலையில் உறுதி செய்தபின்னும் இது மாறவில்லை.

அப்படியானால் ஓகேயு எனப்படும் மாற்றுத் திறனாளி அட்டை எதற்கு என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். எடுத்துவிட்டால் நான் ஊனமுற்றவன் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடாதா என்ற தயக்கம் இளைஞர்களிடம் உண்டு. பெற்றோரிடம் இன்னும் அதிகம், அதிலும் பெண்பிள்ளையைப் பெற்றவர்களிடம். அந்தத் தயக்கத்தை வெட்கம் என்று தள்ளிவிட முடியாது. அட்டையைப் பார்த்ததும் நேர்காணல் அறையில் முகம் மாறுவதைக் கண்டவர்கள் உண்டு. ஆனாலும் அட்டைக்கு நடைமுறைப் பயன் இருக்கிறது. குறைந்த சம்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். கடப்பிதழுக்குக் கட்டணம் இல்லை. பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

பாலம் தாண்டுவதற்கு முன்னால் பேருந்தில் ஏறவேண்டும். முதல் படி சராசரி ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே. 125 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது முழங்கால்வரை வரும். குடிநுழைவுக் கவுண்டர், பணப்பொறியின் பொத்தான்கள், மின்தூக்கியின் மேல்வரிசை எண்கள், கோப்பிக் கடையின் உயர்ந்த ஸ்டூல் எல்லாம் ஒவ்வொன்றாக அவரிடம் கேள்வி கேட்கும். கட்டட விதிகளில் 34ஏ என்று ஒன்று மாற்றுத் திறனாளிகளுக்கு வழி செய்யச் சொல்கிறது, எம்.எஸ்.1184 என்ற மலேசியத் தரமும் இருக்கிறது. இவை மனத்தில் வைத்திருப்பது சக்கர நாற்காலியை. தாழ்ந்த கவுண்டர் இருவருக்கும் உதவும். ஆனால் மாற்றுத் திறனாளிகளுக்கான கழிவறையின் இருக்கை, சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்கார வசதியாகச் சற்று உயரமாக இருக்கும். குட்டையானவருக்கு அதில் ஏறுவதே பாடு. லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகத்தின் எரின் பிரிட்சர்ட், தானும் குட்டை உருவம் கொண்டவர், இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு குறைக்குச் செய்த வசதி இன்னொரு குறைக்கு இடைஞ்சலாவது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. கேட்க ஆள் இல்லாமல் கட்டியதன் பலன்.

கேட்க ஆள் வேண்டுமென்றால் ஆள்கள் முதலில் ஒன்றுசேரவேண்டும். 1957இல் அமெரிக்க நடிகர் பில்லி பார்ட்டி, நெவாடாவின் ரீனோ நகருக்கு வரச்சொல்லி விடுத்த அழைப்பில் ஏறத்தாழ இருபது பேர்தான் வந்தார்கள். அந்தக் கூட்டமே ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’ அமைப்பாக வளர்ந்தது; அவர் பிறந்த அக்டோபர் 25ஆம் தேதி இன்று குட்டை உருவம் பற்றிய விழிப்புணர்வு நாளாகப் பல நாடுகளில் அனுசரிக்கப்படுகிறது. காரின் பெடலை உயர்த்தும் கருவி எங்கே கிடைக்கும், பெரியவர் சட்டையை எந்தத் தையற்காரர் ஒழுங்காக வெட்டித் தருவார், முதுகுத்தண்டு அறுவையை யார் நன்றாகச் செய்வார் என்பவையெல்லாம் புத்தகத்தில் இருப்பதில்லை. இன்னொரு குட்டையானவரிடம்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட கூட்டங்களில் இப்போது சூடாகப் பேசப்படுவது ஒரு மருந்து. வொசோரிடைட் என்ற ஊசி, அந்த ஓயாத தடையைச் சற்றே தளர்த்தி எலும்பை வளரவிடுகிறது. 121 பிள்ளைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. ஊசி போட்டவர்கள் ஆண்டுக்கு 1.57 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். 2021இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதித்தன. தினமும் ஊசி, எலும்பின் வளர்தட்டு மூடும்வரை. அமெரிக்காவில் ஓராண்டுச் செலவு மூன்று லட்சம் டாலரைத் தொடும். காலை உடைத்து நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் பழைய அறுவையோடு ஒப்பிட்டால் இது மென்மையானது. எங்களை ஏன் திருத்தப் பார்க்கிறீர்கள் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். என் பிள்ளையின் தண்டுவடம் நசுங்காமல் இருக்க இது உதவுமா என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிய இன்னும் ஆண்டுகள் ஆகும். முதல் கேள்வியைப் பெற்றோர் நடுங்கும் மனத்தோடு முடிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளை வளர்ந்து பதில் சொல்லும் வயதுக்கு வரும்போது வளர்தட்டு மூடியிருக்கும்.

வளர்ந்த பிள்ளைக்கு அடுத்து வருவது கல்யாணப் பேச்சு. வீட்டில் யாரும் வெளிப்படையாகப் பேசாத கணக்கு ஒன்று அங்கே இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் அகோண்ட்ரோபிளாசியா, மற்றவர் சராசரி உயரம் என்றால் ஒவ்வொரு கருவிலும் குழந்தை குட்டையாகப் பிறக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருவருக்குமே இருந்தால், நான்கில் ஒரு பங்கு சராசரி உயரம், இரண்டு பங்கு பெற்றோரைப் போல; மீதி ஒரு பங்கில் இரண்டு பக்கத்து மாற்றமும் சேர்ந்துவிடும். அந்தக் குழந்தை பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதை மணமேடைக்கு முன்பே, ஜாதகத்தைப் பிரிக்கும் நாளிலேயே அறிந்திருப்பது நல்லது. கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் பிரிவிலோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ ஆலோசனை பெறலாம். இடுப்பெலும்பு குறுகியிருப்பதால் இத்தகைய பெண்களுக்குப் பிரசவம் பொதுவாக அறுவை மூலம்தான். முதுகில் போடும் மயக்க ஊசி, தண்டுவடக் குழாய் குறுகலாக இருப்பதால் எளிதில் அமையாது. முழு மயக்கம் கொடுப்பதற்கும் கழுத்தையும் மூச்சுக்குழாயையும் முன்கூட்டியே பார்த்தாகவேண்டும். ஆகவே ஜொகூரில் எந்த ஊரில் இருந்தாலும், கர்ப்பம் உறுதியானதுமே மயக்கமருந்து நிபுணரைச் சந்திக்கவேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிளினிக் அட்டையில் அதை எழுதிவைக்கச் சொல்லவும் வேண்டும்.